மாஸ்டடானுக்கு ஒரு செயலி எழுதுவது எப்படி?

2023 ஜனவரியில் ட்விட்டர் நிறுவனம் வெளியார் எழுதிய செயலிகளை முன்னறிவிப்பு இல்லாமல் துண்டித்தது. ட்வீட்பாட், ட்விட்டரிஃபிக் என்று பலர் வருடக்கணக்கில் காசு கொடுத்துப் பயன்படுத்திவந்த செயலிகள் ஒரே இரவில் வேலை செய்யாமல் போயின. ட்வீட்பாட்டை எழுதிய டாப்பாட்ஸ் குழு அதே மாதக் கடைசியில் ஐவரி என்ற புதுச் செயலியை வெளியிட்டது. ஐவரி போய்ச் சேர்ந்த இடம் மாஸ்டடான் என்ற பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்பு. அங்கே எல்லாச் செயலிகளையும் ஒரே நாளில் துண்டிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

அந்த வலையமைப்புக்கு நீங்களும் ஒரு செயலி எழுதலாம். ஜாவாஸ்கிரிப்ட், கோட்லின், ஸ்விஃப்ட், எதுவானாலும் சரி. ஏபிஐயைக் கூப்பிட்டு வரும் ஜேசனைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரவலாக்கப்பட்ட வலையமைப்பில் இருக்கிறோம் என்பதாலேயே பயனருக்குச் சுதந்திரம் வந்துவிடாது. செயலியில் நாம் அவசரமாக எழுதும் நாலு வரி அதைப் பறித்துவிடும். எங்கெங்கே அப்படி நடக்கும் என்பதைப் பார்த்தபடியே போவோம்.

எந்த ஏபிஐ, எந்தச் சர்வர்?

மாஸ்டடானை 2016-ல் ஜெர்மனியில் ஆய்கன் ரோச்கோ தொடங்கினார். இன்று அதைத் தனிநபர்கள், கல்லூரிகள், சங்கங்கள் எனப் பலர் தங்கள் தங்கள் சர்வரில் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடர முடிகிறதென்றால், அதற்குக் காரணம் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அதை 2018 ஜனவரியில் தரநிலையாக ஏற்றது. செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளவும் அந்த நெறிமுறையில் ஒரு பகுதி உண்டு. ஆனால் நடைமுறையில் அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. எல்லோரும் கையாள்வது மாஸ்டடானின் சொந்த ஏபிஐயைத்தான். ப்ளெரோமா, பிக்சல்ஃபெட், கோடூசோஷியல் ஆகிய வேறு சர்வர் மென்பொருள்களும் அதே ஏபிஐயைப் பெரும்பாலும் புரிந்துகொள்கின்றன. அதனால் அதைக் கற்றுக்கொண்டு தொடங்குங்கள்.

சோதனைக்குப் பொதுச் சர்வரில் ஒரு கணக்கு தொடங்கலாம். கூடவே உங்கள் மடிக்கணினியில் கோடூசோஷியலையும் நிறுவிக்கொள்ளுங்கள் என்பது என் பரிந்துரை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு அது சின்னக் கணினியிலும் ஓடும். பதிவு எழுதுவதற்கென்று அதற்குச் சொந்த முகப்பு கிடையாது. எல்லாமே வெளிச் செயலிகள் வழியாகத்தான். மாஸ்டடானை மட்டும் மனதில் வைத்து நீங்கள் செய்த ஊகங்கள் அங்கே உடனே உடைந்து விழும். அப்படி விழுவது உங்களுக்கு நல்லது.

உள்நுழைவு

இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் திரையில் ஒரே ஒரு பெட்டி: “உங்கள் சர்வர் எது?” பிரபலமான ஒரு சர்வரின் பெயரை நிரலுக்குள் எழுதிவைத்து இந்தக் கேள்வியைத் தவிர்க்கலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லோரையும் ஒரே சர்வருக்குத் தள்ளிவிடுகிறோம். உதாரணமாகச் சில பெயர்களைக் காட்டலாம், தேர்வு பயனருடையதாக இருக்கட்டும். சிலர் முழு முகவரியையும் ஒட்டுவார்கள், சிலர் மின்னஞ்சல் போல அட் குறியோடு கணக்குப் பெயரைத் தருவார்கள். எல்லாவற்றிலிருந்தும் சர்வர் பெயரைப் பிரித்தெடுக்கும்படி எழுதுங்கள்.

பெயர் கிடைத்ததும் அந்தச் சர்வரிடம் உங்கள் செயலியைப் பதிவு செய்ய வேண்டும். செயலியின் பெயர், திரும்பி வரவேண்டிய முகவரி, தேவைப்படும் அனுமதிகள் ஆகிய மூன்றையும் அனுப்பினால் ஒரு கிளையன்ட் ஐடியும் ரகசியக் குறியும் வரும். யாரிடமும் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் குறிகள் அந்தச் சர்வருக்கு மட்டுமே செல்லும். வேறு சர்வர்க்காரர் வந்தால் அங்கே தனியாகப் பதிவு செய்து, சர்வர் வாரியாகச் சேமித்துவைக்க வேண்டும்.

அடுத்து ஓஆத் என்ற அனுமதி முறை. பயனரின் கடவுச்சொல்லை உங்கள் செயலி ஒருபோதும் கேட்கக் கூடாது. சர்வரின் அனுமதிப் பக்கத்தை, செயலிக்குள் பதித்த வெப்வியூவில் திறக்காமல், கைபேசியின் பிரவுசரில் திறவுங்கள். தட்டச்சு செய்வதை நம் செயலி பார்க்கவில்லை என்பது பயனருக்கு அப்போதுதான் உறுதி. அனுமதி தந்ததும் வரும் குறியீட்டைக் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். படிக்க மட்டுமான செயலி என்றால் படிக்கும் அனுமதியோடு நிறுத்துங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எழுதும் அனுமதியையும் சேர்த்துக் கேட்பது கெட்ட பழக்கம்.

டோக்கனை ஆண்ட்ராய்டில் கீஸ்டோரின் பாதுகாப்பிலும் ஐபோனில் கீசெயினிலும் வையுங்கள். நீங்கள் சொந்தமாக நடத்தும் சர்வருக்கு அதை அனுப்பவே அனுப்பாதீர்கள். ஆயிரம் பேரின் டோக்கன்களை ஓரிடத்தில் குவித்துவைத்தால், பரவலாக்கத்தின் நடுவே நீங்களே ஒரு மையமாகிவிடுவீர்கள். பயனர் வெளியேறும்போது கைபேசியில் இருப்பதை அழித்தால் மட்டும் போதாது. டோக்கனை ரத்து செய்யும்படி சர்வருக்கும் சொல்ல வேண்டும்.

டைம்லைன்

முகப்பு டைம்லைனைக் கேட்டால் வழக்கமாக 20 பதிவுகள் வரும். 40 வரை கேட்கலாம். அடுத்த பக்கத்துக்கான முகவரி லிங்க் ஹெட்டரில் இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களாகக் கட்டமைக்க வேண்டாம்.

பதிவின் ஐடியைச் சரமாகவே வைத்திருங்கள். மாஸ்டடான் ஐடி பார்க்க எண் போலிருக்கும். ஆனால் 18 இலக்கம் நீளும். ஜாவாஸ்கிரிப்டில் எண்ணாக மாற்றினால் கடைசி இலக்கங்கள் பிசகிவிடும், ஒருவர் பதிவுக்குப் போட்ட விருப்பம் இன்னொன்றைத் தேடிப்போகும். கோடூசோஷியலிலோ ஐடியில் எழுத்துகளும் கலந்திருக்கும்.

பதிவின் உள்ளடக்கம் எச்டிஎம்எல்லாக வரும், அதுவும் முன்பின் தெரியாத சர்வர்களிலிருந்து. வடிகட்டாமல் திரையில் காட்டாதீர்கள். எழுதியவர் எச்சரிக்கை போட்டு மூடிவைத்த பதிவை மூடியபடியே காட்டுங்கள். படங்களுக்கான விளக்கக் குறிப்பு பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானுக்குப் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். மாஸ்டடானின் வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு 300 அழைப்புகள்தான் அனுமதி. மீறினால் 429 என்ற பிழை வரும்; எப்போது மறுபடி கேட்கலாம் என்பது ஹெட்டரிலேயே இருக்கும்.

பதிவு எழுதும் பெட்டி: தமிழுக்கு ஒரு தனிக் கவனம்

மாஸ்டடானில் ஒரு பதிவுக்கு வழக்கமான எல்லை 500 எழுத்து. ஆனால் ஒவ்வொரு சர்வரும் இதை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், சர்வர் விவரத்தைக் கேட்டு வாங்கி அந்த எண்ணையே பயன்படுத்துங்கள். எவ்வளவு நீள இணைப்பாக இருந்தாலும் 23 எழுத்தாகத்தான் கணக்கு.

சரி, எழுத்தை எப்படி எண்ணுவது? “தமிழ்” என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளை அது எண்ணுகிறது. மாஸ்டடான் சர்வரோ நம்மைப் போலவே த, மி, ழ் என்று 3 ஆக எண்ணுகிறது. தவறான கணக்கில் பெட்டியைக் கட்டினால், 500 எழுத்து எழுத உரிமையுள்ள தமிழர் முன்னூற்றுச் சொச்சத்திலேயே தடுக்கப்படுவார். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இன்டில் செக்மென்டர் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் பிரேக் இட்டரேட்டர். ஸ்விஃப்ட் இயல்பாகவே சரியாக எண்ணும்.

பிறகு ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக வலையமைப்புக்கும் செயலியை விரிவாக்க நினைத்தால் அங்கே வேறு கணக்கு. எல்லை 300 எழுத்து. ஆனால் இணைப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பைட்டுகளில் சொல்ல வேண்டும். தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். ஆகவே “தமிழ்” என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு இணைப்பைத் தந்தால், அது 16-வது இடத்தில் தொடங்குவதாகக் கணக்குக் காட்ட வேண்டும். 6 என்று அனுப்பினால் இணைப்பு சொல்லுக்கு நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் அனுப்பு பொத்தானை இரண்டு முறை அழுத்துவார்கள். ஒவ்வொரு பதிவோடும் ஐடெம்பொட்டன்சி கீ என்ற ஹெட்டரில் ஒரு தனிக் குறியை அனுப்பினால் பதிவு இரட்டிக்காது.

வெளியேறும் வழி

பயனர் வேறு சர்வருக்கு மாற நினைத்தால் உங்கள் செயலி துணை நிற்க வேண்டும். மாஸ்டடானில் பின்தொடர்பவர்களைப் புதுக் கணக்குக்குக் கொண்டுபோகலாம். பின்தொடரும் கணக்குகள், தடுத்தவை, புத்தகக்குறிகள் ஆகியவற்றைக் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றலாம். பழைய பதிவுகள் மட்டும் கூட வராது. அவற்றின் நகலைத் தரவிறக்கலாம், அவ்வளவுதான். இதை மறைக்காமல் அமைப்புகள் பக்கத்திலேயே எழுதி, சர்வரின் ஏற்றுமதிப் பக்கத்துக்கு ஓர் இணைப்பும் கொடுங்கள். வரைவுகள், வடிகட்டிகள் என்று உங்கள் செயலிக்குள்ளேயே தங்கும் விஷயங்களுக்கும் ஏற்றுமதிப் பொத்தான் வேண்டும்.

கடைசியாக உரிமம். டஸ்கி என்ற ஆண்ட்ராய்டு செயலி ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால்தான் அதிலிருந்து பாச்லி என்ற இன்னொரு செயலி கிளைத்து வளர முடிந்தது. உங்கள் நிரலையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டு, கட்டற்ற ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான எஃப்-டிராய்டிலும் ஏற்றுங்கள். நாளை உங்களுக்கு நேரமில்லாமல் போனாலும் இன்னொருவர் எடுத்து நடத்துவார். தமிழ் இடைமுகத்தை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்காதீர்கள்; முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.