டிரம் தண்ணீர் எத்தனை நாள் வரும்?

அந்தமானில் மழைக்குப் பஞ்சம் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் ஜனவரி பிறந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம். தனிக்காரி அணையில் நீர் இறங்கினால், போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) குழாயில் தண்ணீர் விடும் நாள்கள் குறைகின்றன. கிராமத்தில் ஓடை வற்றுகிறது.

அப்படி ஒரு கிராமத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். டிரம்மில் 200 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இனி ஐந்து நாள் கழித்துத்தான் தண்ணீர் வரும். மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அம்மா கேட்கிறாள்:

"நாம ஒரு நாளைக்கு 60 லிட்டர் செலவழிக்கிறோம். டிரம் தண்ணி அஞ்சு நாள் வருமா?"

மகள் திரும்பக் கேட்கிறாள்: "அம்மா, இது பெருக்கல் கணக்கா, வகுத்தல் கணக்கா?"

இந்தக் கேள்வியை நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டிருப்பீர்கள். பிள்ளைக்கு வகுக்கத் தெரியும். எப்போது வகுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. இது பிள்ளையின் குற்றம் இல்லை. பாடத்தில் மேலே "வகுத்தல்" என்று தலைப்புப் போட்டிருக்கும். கீழே உள்ள எல்லாக் கணக்கையும் வகுத்தால் போதும். வீட்டில் வரும் சிக்கலுக்குத் தலைப்பு ஏது?

ஹங்கேரி நாட்டில் பிறந்த ஜார்ஜ் போலியா என்ற கணிதப் பேராசிரியர், 1945-இல் இதற்காகவே ஒரு நூல் எழுதினார். சிக்கலைத் தீர்க்க நான்கு வேலைகள் வேண்டும் என்றார். முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்து வழி தேட வேண்டும். பிறகு செய்ய வேண்டும். கடைசியில் விடை சரிதானா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். பல வகுப்புகளில் மூன்றாவது வேலை மட்டுமே நடக்கிறது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் மற்ற மூன்றுக்கும் நேரம் கிடைப்பது கஷ்டம்தான்.

அம்மா விடையைச் சொல்லிவிடவில்லை. "நமக்கு என்னென்ன தெரியும், சொல்லு" என்றாள். மகள் விரலை மடக்கினாள். டிரம்மில் 200. ஒரு நாளைக்கு 60. ஐந்து நாள்.

"அஞ்சு நாளைக்கு எவ்வளவு வேணும்?"

"முந்நூறு... அம்மா, பத்தாது!"

"அப்ப என்ன செய்யலாம்?"

இங்கேதான் கணக்கு உயிர் பெறுகிறது. 200-ஐ ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 40 லிட்டர். தினமும் 20 லிட்டர் குறைக்க வேண்டும். எதில் குறைப்பது? குடிக்கும் தண்ணீரில் முடியாது. அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். துணியை ஐந்தாம் நாளுக்குத் தள்ளி வைக்கலாம். ஒரு வீட்டின் விடை அடுத்த வீட்டுக்குப் பொருந்தாது. இரண்டுமே சரியாக இருக்கலாம்.

மே மாதம் மழை தொடங்கிய பிறகு இதே பாடத்தைப் பள்ளியில் தொடரலாம். நேராக நிற்கும் ஒரு தகர டப்பா, ஓர் அடிக்கோல் போதும். மரத்தடியில் வைக்காமல் திறந்த வெளியில் டப்பாவை வைக்க வேண்டும். காலையில் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள தகரக் கூரை 20 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர். ஒரு டிரம் நிறைந்துவிடும்! கொஞ்சம் சிதறிப் போகும், அதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். கிரேட் நிக்கோபாரின் ஷோம்பென் மக்கள் மூங்கிலை நெடுக்காகப் பிளந்து, அதன் வழியே மழைநீரைக் குழிக்குக் கொண்டுவந்தவர்கள். அவர்கள் எந்தப் பள்ளியிலும் இதைப் படிக்கவில்லை.

நிக்கோபாரி மக்கள் இருபது இருபதாக எண்ணுவார்கள். தேங்காயை ஜோடி ஜோடியாக எண்ணுவார்கள். புத்தகமோ பத்துப் பத்தாக எண்ணுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் தயங்கினால் மந்தம் என்று நினைக்கக் கூடாது. "இருபது ஜோடி என்றால் எத்தனை காய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, உயிரோடு சேர்ந்த ஒரு சிக்கல். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29 மணிக்குப் பூமி அதிர்ந்தது. பிறகு கடல் வந்தது. நம் தீவுகளில் அதை அறியாத வீடு இல்லை. தெரசா தீவில் துறைமுக ஊழியர் ஒருவர் சுனாமி பற்றி முன்பே தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். அதிர்ச்சி வந்ததும் மேட்டுக்குப் போகும்படி ஊருக்குச் சொல்லி அனுப்பினார். பலர் பிழைத்தார்கள்.

அன்றே தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி கடற்கரையில் நடந்துகொண்டிருந்தாள். கடல் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் பார்த்த காட்சி நினைவுக்கு வந்தது. "சுனாமி வருகிறது" என்று கத்தினாள். அம்மா உடனே நம்பவில்லை. சிறுமி விடவில்லை. அப்பா காவலாளியிடம் சொன்னார். கடற்கரையில் இருந்தவர்கள் மேலே ஏறித் தப்பினார்கள். அப்பா, "சும்மா இரு" என்று சொல்லியிருந்தால்?

செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது? பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

2. உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து மேடான இடத்துக்கு எந்த வழியாகப் போகலாம்? வழியில் ஓடை உண்டா? பாலம் இல்லாவிட்டால் வேறு வழி எது?

3. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது? உங்கள் நடையில் அளக்க வேண்டாம். அந்தப் பிள்ளையின் நடையில் அளந்து, ஆசிரியரிடம் சொல்லுங்கள்.