மெமரி கார்டு: எது அதிக நாள் உழைக்கும்?

டிஜிட்டல் கேமராவில் எடுத்த திருமணப் படங்கள் முழுதும் ஒரு சின்ன மெமரி கார்டில்தான் இருக்கின்றன. அது கெட்டால் மறுபடி எடுக்க முடியுமா?

1994-ல் வந்த காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு தடிமனானது, எளிதில் உடையாது. ஆனால் கோணலாகச் செருகினால் கேமராவினுள் உள்ள 50 பின்களில் ஒன்று வளைந்துவிடலாம். 1999-ல் அறிமுகமான எஸ்டி கார்டு மெல்லியது. அதன் ஓரத்தில் உள்ள லாக் பட்டன் உடையலாம். மைக்ரோ எஸ்டியில் நகரும் பாகம் இல்லை. நகம் அளவே இருப்பதால் தொலைந்துபோகும்.

மூன்றிலும் உள்ளே இருப்பது ஃபிளாஷ் மெமரிதான். அழித்து எழுத எழுத இது தேயும். ஆண்டுக்கணக்கில் சும்மா வைத்தாலும் மின்னூட்டம் கசிந்து படங்கள் கெடலாம்.

கேமராவை ஆஃப் செய்த பிறகே கார்டை எடுங்கள். படங்களை அன்றே கம்ப்யூட்டரிலும் இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி செய்துவிடுங்கள்.