எபேசுவில் எரிந்த நூல்கள்

எபேசு நகரத்துத் தியானாள் கோயில் உலக அதிசயங்கள் 7-இல் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்நகரில் பவுல் அப்போஸ்தலர் ஈராண்டுக்கு மேற் போதித்தனர். அதன் பயனாக விசுவாசிகள் 50,000 வெள்ளிக்காசு விலைபெறும் மாயவித்தை நூல்களைத் தீக்கிரையாக்கினரென்பது அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தால் விளங்கும். அந்நூல்கள் எவருடையவை? அவர்கள் தம் வீட்டினின்று கொணர்ந்தவையே! பிறர் வணங்கும் உருவை எள்ளி நகையாடுதலே வைராக்கியமென்று யானும் ஒருகால் எண்ணியிருந்தேன். என் வீட்டுப் பேழையைத் திறந்து பார்த்தேனல்லேன்.

பின்பு, வெள்ளியாற் சிறு கோயில்கள் செய்வித்துப் பொருளீட்டிய தெமேத்திரியு, வருவாய் குன்றுமென்றஞ்சிக் கலகம் விளைத்தான். அரங்கசாலையில் மக்கள் இரண்டு மணிநேரம் கூவினர். அவருட் பெரும்பாலார் தாம் கூடிய காரணத்தையே அறியார்! அப்போது, இவர்கள் கோயிற் கொள்ளைக்காரருமல்லர், தேவியைத் தூஷித்தவருமல்லரென்று சான்று பகர்ந்தவன் அந்நகரத்துச் சம்பிரதி. தியானாளின் பெருமையைப் பேசிய அவனே இங்ஙனம் கூறிக் கூட்டத்தைக் கலைத்தான்.