நிறுத்தச் சொல்லும் உரிமை

லொறியை ஓட்டுவது அவர். எப்போது நிறுத்துவது என்று சொல்வது நான். லக்கலவில் மரக்கறி ஏற்றி யாழ்ப்பாணம் வரை போகும் எங்கள் பிழைப்பில் முதல் சட்டம் இதுதான். கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் தொழில் செய்ய நினைப்பவர்களுக்கு, ரத்தோட்டைக்காரியான நான் பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

ஏற்றும்போதே பயணம் தொடங்குகிறது

பழைய லக்கல நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்குள் போய், 2018இல் புது நகரம் வந்தது. இப்போது தோட்டக்காரர்கள் சாக்குகளைப் புது வீதியோரத்துக்கே கொண்டுவந்து விடுகிறார்கள். பூசணி அடியில், கத்தரி நடுவில், தக்காளிப் பெட்டி மேலே. பாரம் ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டி இழுக்கும். அதனால் அவர் கயிறு கட்டும்போது நான் பின்னால் தள்ளி நின்று வண்டியின் சாய்வைப் பார்ப்பேன். தறப்பாளை இறுக்கி மூடினால் காய் வெந்துவிடும். ஓரத்தில் காற்றுப் போக வழி விட வேண்டும்.

ரத்தோட்டைக்கு ரிவஸ்டன் வழி கிட்டத்தான். ஆனால் கொண்டை வளைவு, ஒடுக்கம், பனி. பாரத்தோடு நாங்கள் நாவுல பக்கமாகவே இறங்குவோம். எந்த கியரில் ஏறலாமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. மழை நாளில் புறப்படுமுன் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று விசாரிப்பது என் பொறுப்பு.

யானைக்கு வழி விடுங்கள்

வஸ்கமுவ காடு பக்கத்திலேயே இருப்பதால் மாலை மங்கினால் யானை வீதிக்கு வரும். நெல்லோ வாழைக்குலையோ ஏற்றியிருந்தால் வாசத்துக்கே வரும். முடிந்தவரை வெளிச்சத்திலேயே அந்தத் துண்டைக் கடந்துவிடுவோம். எதிரே நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோன் அடிக்காமல், லைட்டைத் தாழ்த்திக் காத்திருப்போம். ஒன்று கடந்ததும் புறப்படக் கூடாது. பின்னால் குட்டியும் தாயும் வரலாம். படம் எடுக்க இறங்கவே கூடாது.

தூக்கம்தான் பெரிய எதிரி

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏ-9 வீதி 321 கிலோமீற்றர். நாங்கள் தம்புள்ளைக்கு முன்னே அதில் ஏறுகிறோம். வவுனியா தாண்டிய பிறகு வீதி நேராக ஓடும்; விடியற்காலையில் அந்த நேர்ப்பாதையே ஆளைத் தூங்கவைக்கும். கண் சொக்குவதற்கு முன்பே கால் காட்டிக்கொடுக்கும்: அக்சிலேட்டர் மிதி கூடிக் குறையும், கியர் மாற்றுவது பிந்தும், பேச்சு பாதியில் நிற்கும். அப்போது என் குரல் மாறிவிடும்.

"ஏங்க, ஓரங்கட்டுங்க."

"முறிகண்டி இந்தா வந்துருச்சு புள்ள."

"வேணாங்க, இங்கயே."

அதற்கு மேல் பேச்சில்லை. வெளிச்சமுள்ள பெற்றோல் நிலையமோ கடையோ பார்த்து நிறுத்தி இருபது நிமிடம் தூங்குவார். தேத்தண்ணி தூக்கத்துக்குப் பதிலாகாது. இரவில் அவர் ஓட்டும்போது நான் விழித்திருக்க வேண்டுமென்றால் பகலில் நான் தூங்கியாக வேண்டும். அந்நேரம் அவர் என்னை எழுப்பமாட்டார். வண்டியை மூடிக்கொண்டு தூங்கும்போது நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வலை கட்டினால் போதும்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் எந்தச் சாரதியும் கடப்பார். எங்களுக்கும் அது கும்பிடும் இடம், கால் நீட்டும் இடம்.

பெண்கள் ஏறுமுன்

கழிப்பறைதான் முதல் கவலை. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்க்கடுப்பு வரும். சுத்தமான இடங்களைத் தெரிந்துவைத்து, அங்கேயே நிறுத்தும்படி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு கான் தண்ணீர், மாற்றுத்துணி, டோர்ச், மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இலவச அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119 இரண்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் அம்மாயியோடு இருக்கிறார்கள். இருட்டுமுன் வண்டியை நிறுத்தி அவர்களோடு பேசுவோம். வீட்டுச் சண்டை எதுவானாலும் சக்கரம் நின்ற பிறகுதான். கோபத்தோடு ஓட்டுபவர் முந்தக்கூடாத இடத்தில் முந்துவார்.

கணக்கில் உங்கள் பெயரும் வேண்டும்

டீசல், நாட்டாமைக் கூலி, லீசிங், ரயர் எல்லாம் கொப்பியில் எழுதுகிறேன். திரும்பி வரும்போது வெறும் வண்டி வந்தால் ஹயர் காசு டீசலுக்கே போய்விடும். சுன்னாகத்தில் சின்ன வெங்காயமோ கருவாடோ பேசிவைத்த பிறகுதான் லக்கலவிலிருந்து கிளம்புவோம். 2022இல் டீசல் வரிசையில் கிடந்து வருமானம் நின்றபோது தாக்குப்பிடிக்க உதவியது சேமிப்பு மட்டும்தான். அன்றிலிருந்து ஒரு மாத லீசிங் காசைத் தொடாமல் ஒதுக்கிவைக்கிறோம்.

"பொஞ்சாதி போனா கிளீனர் சம்பளம் மிச்சம்" என்பார்கள். அது மிச்சமல்ல, என் உழைப்பு. ஒவ்வொரு ஹயரிலும் என் கூலியைத் தனி வரியில் எழுதி, என் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் போடுகிறோம். இதை அவர்தான் முதலில் சொன்னார்.

கணவரோடு வண்டியேற யோசிக்கும் அக்கா தங்கைமாரே, ஏறுமுன் இரண்டு வாக்கு வாங்குங்கள்: நீங்கள் நிறுத்தச் சொன்னால் வண்டி நிற்க வேண்டும், உங்கள் கூலி உங்கள் பெயரில் எழுதப்பட வேண்டும். இரண்டுக்கும் அவர் சம்மதித்தால் தைரியமாக ஏறுங்கள்.