வரி முடிவதற்குள் மறந்து போவது ஏன்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் பூ விற்கும் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது 45. தமிழும் பேசுவார், கன்னடமும் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாமல் இருந்தது. ஆறு மாதமாக மாலை வகுப்புக்குப் போகிறார். இப்போது எழுத்துகள் தெரியும். கூட்டிப் படிக்கவும் வருகிறது.

ஒரு நாள் கரும்பலகையில் இந்த வரி இருந்தது:

நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வராது.

அம்மா விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். "நா... ளை... கா... லை..." கடைசிச் சொல்லுக்கு வந்தபோது ஒரு நிமிடம் ஆகிவிட்டது.

"என்னக்கா எழுதியிருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"தண்ணி வராதாம்."

"எப்போ வராது?"

அம்மா விழித்தார். "அது மறந்துபோச்சு டீச்சர். என் மண்டையில எதுவும் நிக்க மாட்டேங்குது. வயசாயிடுச்சு இல்ல?"

"காலையில மார்க்கெட்டுல என்ன பூ எடுத்தீங்கக்கா?"

கே.ஆர். மார்க்கெட்டில் எடுத்த மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி எல்லாவற்றின் விலையையும் அவர் மடமடவென்று சொன்னார். எந்த வீட்டுக்கு எத்தனை முழம், யார் எவ்வளவு பாக்கி என்பதும் அவருக்கு மனப்பாடம். இவருக்கா நினைவு இல்லை?

கையும் கூடையும்

நம் நினைவு ஒரே வகையானது அல்ல. பூ கட்டுகிறவரைப் பாருங்கள். கூடை நிறையப் பூ இருக்கும். ஆனால் கட்டும்போது கையில் நாலைந்து பூக்களைத்தான் பிடிக்க முடியும். நினைவும் அப்படித்தான். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நினைவு கூடை போன்றது. அதில் எவ்வளவும் கொள்ளும். இந்த நிமிடம் மனத்தில் பிடித்து வைத்திருப்பது கை போன்றது. அதில் கொஞ்சம்தான் கொள்ளும். அதுவும் சில விநாடிகளில் நழுவிவிடும்.

கையில் எவ்வளவு கொள்ளும்? அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டில் ஏறத்தாழ 7 என்று எழுதினார். நெல்சன் கோவன் என்ற அறிஞர் 2001இல், அவ்வளவு கூட இல்லை, ஏறத்தாழ 4தான் என்றார்.

இப்போது கரும்பலகை வரியை எண்ணிப் பாருங்கள். அதில் 18 எழுத்துகள் உள்ளன. ஒவ்வோர் எழுத்தாகப் பிடித்தால் கையில் கொள்ளாது. முன்னால் எடுத்தது கீழே விழும். சொற்களாக எண்ணினால் 6தான். சேர்த்துச் சொன்னால் மூன்றே துண்டு:

நாளை காலை / ஆறு மணிக்குத் / தண்ணீர் வராது.

மூன்று துண்டு யாருடைய கையிலும் நிற்கும். வரி மாறவில்லை. பிடிக்கிற விதம்தான் மாறியது.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வருமா, வராதா என்பது நம் மொழியில் கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதுவரை 'நாளை', 'காலை' எல்லாவற்றையும் மனம் ஏந்திக்கொண்டு வர வேண்டும். மெல்லக் கூட்டிப் படிப்பவருக்குக் கடைசிச் சொல் கிடைக்கிறது; முதல் சொல் போய்விடுகிறது. இது மந்த புத்தி அல்ல. எழுத்தை அடையாளம் காணுவதிலேயே மனத்தின் கை முழுதும் வேலையாக இருக்கிறது. பொருளைப் பிடிக்க அதற்கு இடம் இல்லை.

எவ்வளவு வேகம் வேண்டும்?

ஹெலன் அபாட்சி என்பவர் உலக வங்கியில் முதியோர் கல்வியை ஆராய்ந்தவர். அவர் 2003இல் எழுதிய நூலில் ஒரு கணக்குச் சொன்னார். ஒரு சொல்லை ஒன்று அல்லது ஒன்றரை விநாடிக்குள் படித்தால்தான் வாக்கியத்தின் பொருள் நிற்கும் என்பது அது. தமிழுக்கு இதை அப்படியே வைக்க முடியாது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது நமக்கு ஒரே சொல். அதை ஒரு விநாடியில் யாரிடம் கேட்பது? ஆனாலும் கருத்து சரிதான். எழுத்து தானாக வர வேண்டும்.

அது தானாக வரும்வரை நாள் பிடிக்கும். பெங்களூரைச் சேர்ந்த ஆய்வாளர் சோனாலி நாக், கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து 2007இல் எழுதினார். தினமும் பள்ளிக்குப் போகும் குழந்தைகளுக்கே எல்லா எழுத்தும் பிடிபட மூன்று, நான்கு வகுப்புகள் ஆகின்றன என்று அதில் தெரிந்தது. அப்படியிருக்க, வேலை முடித்து மாலையில் ஒரு மணி நேரம் படிப்பவர் ஆறே மாதத்தில் மனம் தளர்வது நியாயமா?

தமிழில் 247 எழுத்து என்றதும் சிலர் பயந்துவிடுகிறார்கள். அதில் பாதிப் பயம் வகுப்பில் தொங்கும் பெரிய அட்டையால் வருவது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், சில துணைக்குறிகள். இவை தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் கூட்டிக்கொள்ளக் கூடியவை. கரும்பலகை வரியில் வரும் 'ளை', 'லை' இரண்டையும் பாருங்கள். முன்பு இவற்றுக்குத் தனி வடிவம் இருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்தைச் சீர்திருத்தியபோது இவையும் மற்ற எழுத்துகளைப் போல ஆயின. நினைவுக்கு அந்த அளவு சுமை குறைந்தது. பழைய புத்தகத்தில் அந்த வடிவத்தைக் கண்டால் திகைக்க வேண்டாம்.

விட்டால் போய்விடும்

ஜெர்மனியில் எபிங்கௌஸ் என்ற அறிஞர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். 1885இல் முடிவை வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் மறந்தது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. ஒரே நாளில் உட்கார்ந்து படிப்பதைவிடப் பல நாள் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பே போதும் என்றும் அவர் கண்டார்.

தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988இல் தொடங்கியது. கற்றவர் மறந்துவிடாமல் இருக்கத் தொடர்கல்வியும் வேண்டும் என்று அதில் வைத்ததற்குக் காரணம் இதுவே.

வயது ஒரு தடையா? லக்னோவுக்கு அருகே உள்ள கிராமங்களில், எழுத்தறியாத பெரியவர்கள் ஆறு மாதம் இந்தி படித்தார்கள். பலர் 30 வயதை ஒட்டியவர்கள். படிக்கும் முன்பும் பின்பும் அவர்களுடைய மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையின் ஆழமான பகுதிகளிலும் மாற்றம் தெரிந்தது. இது 2017இல் வெளிவந்த ஆய்வு.

கூடையில் இருப்பதும் உதவும்

ஏற்கெனவே தெரிந்த விஷயம் படிப்பை எளிதாக்கும். 1988இல் அமெரிக்காவில் பள்ளி மாணவருக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். அது கிரிக்கெட் போல மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டம். நன்றாகப் படிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, படிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்தவர்கள் அதிகம் புரிந்துகொண்டார்கள். பூ வியாபாரம் பற்றிய பாடம் பூக்காரருக்குச் சீக்கிரம் புரிவதும் இதனால்தான். பேச்சுக் கன்னடம் தெரிந்த தமிழருக்குப் பஸ் பலகையின் கன்னட எழுத்து விரைவில் வசப்படுவதும் இதனால்தான். ஊர்ப் பெயர் முன்பே காதில் இருக்கிறது.

ஆனால் நினைவு ஏமாற்றவும் செய்யும். முதல் எழுத்தைப் பார்த்ததும் மீதியை ஊகித்துவிடுவோம். 'வராது' என்பதை 'வரும்' என்று படித்தால் குடம் காலியாக நிற்கும். மருந்துச் சீட்டில் அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. ஊகித்த பிறகு, கடைசிச் சொல்லை ஒரு முறை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட வேண்டும்.

செய்து பாருங்கள்

இந்த வரிகளைக் கோடிட்ட இடத்தில் நிறுத்தி, வாய்விட்டு மூன்று முறை படியுங்கள். பிறகு கையால் மூடிக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். நாளை ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை மறுபடியும் படியுங்கள்.

இந்த மாத்திரையை / காலையும் இரவும் / சாப்பிட்ட பிறகு போடவும். காய்ச்சல் நின்றாலும் / ஐந்து நாள் வரை / நிறுத்த வேண்டாம்.

1. ஒரு நாளில் எத்தனை வேளை?
2. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?
3. இரண்டாம் நாளே காய்ச்சல் நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லும் சொல் எது?