அயிரையின் மூச்சு

நிலத்தில் வாழும் உயிர்களுக்குக் காற்றுப் பஞ்சம் என்பது அரிது. நீரில் வாழும் உயிர்களுக்கோ அஃது எந்நாளும் நேரக்கூடிய இடர். பிராணவாயு எனப்படும் உயிர்வளி, ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் உண்டு. 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில், கரையக்கூடிய மட்டும் கரைந்திருந்தாலும், ஏழரை மில்லிகிராமே இருக்கும். நீர் குளிர்ந்து 20 பாகையானால் ஒன்பது மில்லிகிராம் வரை கரையும். இச்சிறு செல்வத்தைக் கொண்டே மீன்கள் செவுளால் மூச்சுவிட்டு வாழ்கின்றன. ஆறும் ஏரியும் பரந்தவை. அங்கே ஓரிடத்தில் குறை நேரின் மீன் வேறிடம் செல்லும். கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட மீன் எங்கே செல்லும்?

தொட்டியில் வளர்த்தற்கேற்ற சிறுமீன்களுள் அயிரையும் ஒன்று. சங்கப் பாடல்களில் நாரைக்கு இரையாகவும், மதுரை வட்டாரத்தில் சுவைமிக்க குழம்பாகவும் அதனை அறிந்தோர் பலர்; அதன் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. அது விரல் நீளமே வளரும். வாயைச் சுற்றியுள்ள சிறு மீசைகளால் தடவித் தடவி மணலில் இரை தேடும். அயிர் என்னும் சொல்லுக்கு நுண்மணல் என்பது பொருள்; அயிரை விரும்பிப் புதைந்திருக்கும் இடமும் நுண்மணலே. ஆங்கிலத்தில் லோச் என வழங்கும் மீன்வகையைச் சேர்ந்தது இது. இலங்கையில் திருகோணமலையை அடுத்த கன்னியா வெந்நீரூற்றுப் பகுதியிற் கிடைத்த அயிரைக்கு, 1846-இல் வலென்சியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அறிவியற் பெயரிட்டார். அப்பெயரின் பிற்பகுதிக்கு வெப்பத்தொடர்புடையது என்பது கருத்து.

வெப்பம் மிக மிக நீரில் உயிர்வளி குறையுமன்றோ? சேற்றுநீரிலும் அவ்வாறே. அத்தகைய இடங்களிற் பிழைத்தற்கு அயிரையினத்து மீன்களுக்கு இயற்கை மற்றொரு வழியையும் வைத்திருக்கிறது. செவுளால் பெறும் உயிர்வளி போதாதபோது, மீன் விரைந்து மேலெழுந்து ஒரு வாய் காற்றை விழுங்கும். அக்காற்று குடலின் பிற்பகுதியை அடையும். அங்கே மெல்லிய சுவரில் நுண்ணிய குருதிக் குழல்கள் பரவியுள்ளன. அவை உயிர்வளியை ஏற்றுக்கொள்ளும். எஞ்சிய காற்று பின்புறமாகச் சிறு குமிழிகளாய் வெளியேறும். குடல் உணவைச் செரிப்பதோடு மூச்சும் விடுகிறது என்பது வியக்கத்தக்கதே.

ஆயினும் இத்திறமே வளர்ப்பவரை ஏமாற்றவும் கூடும். அயிரை மேலும் கீழும் ஓடுவதைக் கண்டு, அது களிப்புற்று விளையாடுகிறது என்று கருதுவார் பலர். அடிக்கடி மேலெழுந்து காற்றை விழுங்குமாயின், அது விளையாட்டன்று. நீரில் உயிர்வளி குறைந்தது என்பதற்கு அடையாளம். அதே தொட்டியில் செவுளையே நம்பி வாழும் வேறு மீன்கள் இருப்பின், அவை அயிரைக்கு முன்னரே மடியும்.

நீருக்கு உயிர்வளி பெரும்பாலும் மேற்பரப்பின் வழியே வருகிறது. 90 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உடைய தொட்டி ஒன்றைக் கருதுவோம். அதில் 81 லிட்டர் நீர் கொள்ளும்; மேற்பரப்பு 2,700 சதுர சென்டிமீட்டர். அதனையே நெட்டாக நிறுத்தி வைத்தால், நீர் அதே 81 லிட்டர்தான்; மேற்பரப்போ 900 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். நீரளவை மட்டும் கொண்டு மீன்களை எண்ணிவிடுதல் இதனால் தவறாகிறது. காற்றடிக்கும் சிறுபொறியின் பயனும் இங்கேதான் விளங்கும். குமிழிகள் மேலேறும் சிறு பொழுதில் அவற்றிலிருந்து கரைவது சிறிதே. அடிநீரை மேலே கொணர்ந்து, மேற்பரப்பைக் கலக்கிக் காற்றோடு சேர்ப்பதே அவற்றின் தலையாய பணி.

மீனின் ஒரு சென்டிமீட்டர் நீளத்திற்கு 30 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு வேண்டும் என்பது, வெப்பநாட்டு மீன்களை வளர்ப்போர் வழங்கும் பழைய கணக்கு. மேற்கூறிய தொட்டியில் அதன்படி ஆறு சென்டிமீட்டர் அயிரைகள் பதினைந்து வாழலாம். சிறுமீனுக்கு இக்கணக்கு பெரிதும் பொருந்தும், பெருமீனுக்குப் பொருந்தாது. போர்னியோ, சுமத்ரா தீவுகளின் ஆறுகளில் வாழும் கிளவுன் லோச் என்னும் அழகிய மீன், கடையில் ஐந்து சென்டிமீட்டர் அளவில் கிடைக்கும். முழுதும் வளர்ந்தால் 30 சென்டிமீட்டர் வரை நீளும். பழைய கணக்கின்படி அத்தகைய பெருமீன்கள் மூன்று அத்தொட்டிக்கு அடங்கும். தொட்டியின் அகலமே 30 சென்டிமீட்டராயின், அவை உடலைத் திருப்பவும் இயலுமோ? மேலும், நீளம் ஆறு மடங்கானால் எடை ஆறு மடங்கு ஆவதன்று. ஆறை மும்முறை பெருக்கி வரும் 216 மடங்காகும். உயிர்வளித் தேவை எடைக்கு நேராக உயராது, சற்றுக் குறைந்தே உயரும். எனினும் அது பல பத்து மடங்காகும். அம்மீன் தனித்து வாழ்வதும் அன்று, கூட்டமாகவே வாழும். ஆகவே கடையில் கண்ட அளவை எண்ணி வாங்குவோர், ஓராண்டு ஈராண்டில் தொட்டி போதாமற் கலங்குவர்.

மூச்சுவிடுவன மீன்கள் மட்டுமல்ல. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா மீனுக்கு நஞ்சு. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதற்கு அவையும் உயிர்வளியைச் செலவிடுகின்றன. தின்னாது எஞ்சிய இரை அழுகும்போதும் உயிர்வளி செலவாகும். நீர்ச்செடிகள் பகலொளியில் உயிர்வளியைத் தரும். இரவில் அவையும் அதனைக் கொள்ளும். எனவே தொட்டியில் உயிர்வளி மிகக் குறைந்த வேளை, விடியற்காலத்திற்குச் சற்று முந்திய பொழுதாகும். மாலையில் நலமாயிருந்த மீன்கள் காலையில் இறந்து மிதக்கும் நிகழ்ச்சி பெரும்பாலும் இவ்வாறு நேர்வதே.

புதிய மீன்களைச் சேர்க்க விரும்புவோர், ஒருநாள் விடியுமுன் எழுந்து தொட்டியைக் காணல் வேண்டும். அயிரைகள் அடுத்தடுத்து மேலெழுந்து காற்றை விழுங்குமாயின், அத்தொட்டியில் இனி ஒரு மீனுக்கும் இடமில்லை. இரவில் மின்சாரம் நின்று காற்றுப்பொறி ஓயுமாயின், செம்பினால் நீரை முகந்து ஓரடி உயரத்திலிருந்து அத்தொட்டியிலேயே மெல்ல ஊற்றுதல் நன்று. கால்மணிக்கு ஒருமுறை சில செம்பு ஊற்றி வரலாம். மின்சாரம் மீளும்வரை இரை இடலாகாது.