யானைக்கு எதற்கு எஃப் 2.8?

“எஃப் 2.8 லென்ஸ் இல்லாமல் யானையை எடுத்து என்ன பயன்? பின்னணி கரையவே கரையாதே!” கேமராவைக் கையில் எடுத்த இளைஞர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பயிற்சிப் பட்டறையில் கேட்கிறேன், சஃபாரி வண்டியில் கேட்கிறேன், கேமராக் கடையில் விற்பவர் வாயாலேயே கேட்கிறேன். பத்து லட்சத்துக்கும் மேல் விலை போகிற 400 மி.மீ. லென்ஸுக்குத் தவணை கட்டும் பையன்கள் இருக்கிறார்கள். வாங்கி வந்து அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்துவைக்கிறார்கள். அப்புறம் ஒருநாளும் அதைக் குறைப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமரா, 400 மி.மீ. லென்ஸ், 20 மீட்டர் தொலைவில் யானையின் முகம். எஃப் 2.8-இல் தெளிவாக விழும் பகுதியின் ஆழம், அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்டு, சுமார் 42 செ.மீ. தான். நல்ல கொம்பன் ஒன்று உங்களை நேராகப் பார்த்து நின்றால் கண்ணுக்கும் கொம்பு நுனிக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்கும். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கொம்பு மங்கும், தும்பிக்கை மங்கும், விரித்த காதின் விளிம்பும் மங்கும். “கேமராவே கண்ணைக் கண்டுபிடித்துவிடும் சார்” என்கிறார்கள். கண்டுபிடிக்கட்டும். ஃபோகஸ் எங்கே விழ வேண்டும் என்பதைத்தான் அது பார்த்துக்கொள்ளும், ஆழத்தைக் கூட்டித் தராது. அதே இடத்தில் துளையைச் சுருக்கி எஃப் 8 வைத்தால் 1.2 மீட்டர் கிடைக்கிறது. ஃபோகஸைக் கண்ணிலிருந்து சற்று முன்னே நகர்த்திக் கொம்பின் அடிப்பக்கம் வைத்தால் கண்ணும் கொம்பும் ஏறக்குறைய முழுசாக அடங்கிவிடும்.

முழு யானையும் வேண்டுமென்றால் 50 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். அங்கே எஃப் 2.8 தருவது 2.6 மீட்டர், எஃப் 8 தருவது 7.5 மீட்டர். தும்பிக்கை முதல் வால் வரை ஐந்து, ஆறு மீட்டர் நீளும் விலங்கு சற்றே சாய்வாகத் திரும்பி நின்றால் எந்த எண் வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள். அத்தனை விலை கொடுத்தும் அந்தத் தொலைவில் பின்னணி ஒழுங்காகக் கரைவதுகூட இல்லை. யானைக்கு ஐந்து மீட்டர் பின்னால் நிற்கும் மூங்கில் புதர் கரையவும் கரையாது, தெளியவும் தெளியாது. பின்னணி எவ்வளவு மங்கும் என்பதில் லென்ஸுக்கு இருக்கிற பங்கு, யானை உங்களிடமிருந்து எவ்வளவு தூரம், புதர் யானையிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கும் இருக்கிறது.

இந்தப் பழக்கம் பறவைப் படக்காரர்களிடமிருந்து தொற்றியது. மீன்கொத்திக்கு அது சரி. ஒரு சாண் பறவை, பின்னால் கண்ணை உறுத்தும் சுள்ளிகள். கரைத்தால்தான் பறவை தெரியும். யானைக்கு அந்தச் சிக்கலே கிடையாது. மூன்று, நான்கு டன் உருவத்தை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அதன் பின்னால் இருப்பது அதனுடைய சாப்பாடு, தண்ணீர், நிழல். முகத்தைக் கிட்டத்தில் எடுத்து இதையெல்லாம் வெண்ணெயாக உருக்கிவிட்டு, காட்டில் எடுத்த படம் என்கிறீர்கள். கோயில் யானையைத் திரைக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தாலும் அதே படம்தான் வந்திருக்கும்.

“வெளிச்சம் போதாதே?” என்பார்கள். இதுவும் பறவைக் கணக்கு. பறக்கும் பறவைக்கு நொடியில் 2000-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும். மேய்ந்துகொண்டு மெல்ல நடக்கும் யானைக்கு 250-இல் ஒரு பங்கு தாராளம். இரண்டுக்கும் இடைவெளி மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது). எஃப் 2.8-க்கும் எஃப் 8-க்கும் இடைவெளியும் அதே மூன்று ஸ்டாப்தான். யானை தன் நிதானத்தாலேயே உங்களுக்கு எஃப் 8-ஐக் கொடுத்துவிடுகிறது. காதை வேகமாக வீசினாலோ, மண்ணை வாரி முதுகில் இறைத்தாலோ 500-க்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை ஒரு படி கூட்டுங்கள். இன்றைய கேமராக்கள் அதற்கெல்லாம் அஞ்சுவதில்லை.

என் கோபத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. என் வேலை படங்களைப் பார்த்து யானைகளைத் தனித்தனியாக அடையாளம் காண்பது. காதின் கீழ்விளிம்பில் இருக்கும் கிழிசல், ஓட்டை, வயது ஏற ஏற மடியும் மேல்விளிம்பு, காதிலும் தும்பிக்கையிலும் படர்ந்த வெளிர்சிவப்புத் திட்டு, இடமும் வலமும் கொம்பு வளையும் விதம், வால் முடி முன்பக்கம் எவ்வளவு பின்பக்கம் எவ்வளவு என்பதெல்லாம்தான் அதன் முகவரி. மக்னா எனப்படும் ஆண் யானைக்குக் கொம்பும் கிடையாது என்பதால் காதும் வாலும்தான் கதி. கென்யாவின் அம்போசெலியில் 1972-இல் சிந்தியா மாஸ் தொடங்கிய ஆய்வு, காதின் வெட்டுகளையும் நரம்போட்டத்தையும் வைத்தே பல தலைமுறை யானைகளைப் பின்தொடர்ந்து வருகிறது. எனக்கு வரும் படங்களிலோ கண் இமைமயிரை எண்ணலாம், காது எங்கே முடிகிறது என்று தெரியாது. பளபளப்பான இந்தப் படங்கள் ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கின்றன. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கருவியால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். யானைகளின் தோல் சுருக்கமும் தெரியும், அவை நின்ற காடும் தெரியும்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

எஃப் 22-க்குப் போனால் எல்லாம் தெளிவாகும் என்பது தவறு. சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுவதால் மொத்தப் படமும் மழுங்கும். எஃப் 8, எஃப் 11-ஓடு நிறுத்துங்கள். உச்சிவெயிலில் கானல் அலையும்போது எந்த எண்ணும் கைகொடுக்காது.

தெளிவில் மூன்றில் ஒரு பங்கு முன்னே, இரு பங்கு பின்னே விழும் என்பது டெலி லென்ஸுக்குப் பொருந்தாது. மேலே சொன்ன 50 மீட்டர் கணக்கில் எஃப் 8-இல் முன்னே மூன்றரை, பின்னே நான்கு. ஏறக்குறைய சரிபாதி. கூட்டம் என்றால் நடுவில் நிற்கும் யானையில் ஃபோகஸ் வையுங்கள்.

மூன்றில் ஒரு பங்குக் கோட்டில்தான் யானை நிற்க வேண்டும் என்பதும் சட்டமில்லை. நேராக எதிரே வரும் யானையை நடுவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கோடுகளை விடக் கால்களைப் பாருங்கள். நான்கு காலும் பிரிந்து தெரிகிறதா, கன்று தாயின் காலோடு ஒட்டிக் கலந்துவிட்டதா, கொம்பு நுனி வெளிர்வானத்தில் தொலைகிறதா, இருண்ட மூங்கிலின் மேல் விழுகிறதா? வண்டி அரை மீட்டர் நகர்ந்தால் கொம்பு எடுப்பாகத் தெரியும். யானையைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட இதுதான் வழி, இதற்குக் காசு செலவில்லை.

கிட்டே போய் வைடு லென்ஸில் எடுத்தால்தான் கம்பீரம் வரும் என்பது மட்டும் உயிரை வாங்கும் வதந்தி. புகைப்படக்காரர் நிக் பிராண்ட் டெலி லென்ஸ் இல்லாமலே எடுத்தாரே என்று வாதாட வேண்டாம். அவர் எடுத்தது அம்போசெலி போன்ற வெட்டவெளிகளில், வண்டிகளுக்குப் பழகிய யானைகளை. முதுமலை வழியாகப் போகும் மைசூரு சாலையில் இரண்டு பக்கமும் உண்ணிப்புதர், அதற்குள் யானை நிற்பதே தெரியாது. அங்கே வண்டியை நிறுத்துவதே குற்றம், அபராதம் உண்டு. இறங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

அந்த உண்ணிப்புதரைத்தான் உங்கள் எஃப் 2.8 அழகான பச்சை மெழுகாக மாற்றிக் காட்டுகிறது. ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட அழகுக்கு வந்த செடி, யானை தின்னும் புல்லை முளைக்கவிடாமல் காட்டின் தரையை மூடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பூவோடு சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரம் வேறு முதுமலையில் பரவிவிட்டது. வருடா வருடம் சஃபாரி போகும் நூற்றுக்கணக்கான கேமராக்கள், யானை எதன் நடுவே நிற்கிறது, எதைத் தின்கிறது என்று தெரியும்படி எடுத்திருந்தால், எந்த வளைவில் புல் போய்ப் புதர் வந்தது என்பதற்கு வருடவாரியாகச் சான்று சேர்ந்திருக்கும். இந்தக் கோடையிலிருந்தாவது எஃப் 8 வையுங்கள். யானையின் காலடியையும் அதைச் சுற்றிய செடிகளையும் ஃப்ரேமுக்குள் விடுங்கள். தேதியையும் பகுதியையும் குறித்து வனத்துறைக்கும் ஆய்வாளர்களுக்கும் கொடுங்கள். பொதுவெளியில் போடும்போது மட்டும் இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.